புளிப்பும் கோழித் தீனியும்



மட்டக்களப்பு என்றதும் பிறவூராருக்கு முதலில் நினைவுவருவது பாடும் மீன். அடுத்து வருவது தயிர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மேயும் எருமைகளின் பால் மட்சட்டிகளில் உறைந்து வெளியூர்களுக்குச் செல்வதைச் சிறுவயது முதலே கண்டு வருகின்றோம். அந்தச் சட்டியிலே பாலை உறையச் செய்யும் புளிப்பு எதுவோ, அதற்கு உறவான பொருள்கள் இன்று இறைச்சிக் கோழிகளுக்குத் தீனியிலும் குடிநீரிலும் கலந்து கொடுக்கப்படுகின்றன. பாடநூல்கள் அவற்றைச் சேதன அமிலங்கள் என்று சொல்லும். தயிரில் உள்ளது இலற்றிக்கமிலம். தென்னங்கள்ளைப் புளிக்க வைத்தெடுக்கும் காடியில் உள்ளது அசற்றிக்கமிலம். தேசிக்காயில் உள்ளது சித்திரிக்கமிலம். வீட்டு அடுக்களையில் இருந்த இவை கோழிக்கூட்டுக்குள் எவ்வாறு புகுந்தன என்பதே இன்றைய பேச்சு.

யான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். கலைப் பட்டதாரி, வரலாறு படிப்பித்துப் பழகியவன். இந்த விடயம் என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு மாணவன் மூலமாகத்தான். படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளையொருவன் தொடர்ந்து பல நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தபோது, தகப்பனார் கடன்பட்டு வாங்கிய 300 இறைச்சிக் கோழிக் குஞ்சுகளுக்குக் கழிச்சல் கண்டுவிட்டதென்றும், பையன் இரவு பகலாக அவற்றைக் காத்து நிற்கிறான் என்றும் அறிந்தேன். போய்ப் பார்த்தேன். மருந்துக் கடையில் வாங்கிய கூட்டுமாத்திரைகளை, மனிதர் விழுங்கும் நுண்ணுயிர்கொல்லிகளை, ஒவ்வொன்றாகப் பிரித்துக் குஞ்சுகளின் தண்ணீரிலே கொட்டிக் கொண்டிருந்தார் தகப்பனார். நான் முகத்தைச் சுளித்ததைக் கண்டு, "மனிசருக்கு நல்லதெண்டால் கோழிக்கும் நல்லதுதானே, சேர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவ்விடத்திலே எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்ததன் பயனே இப்பேச்சு.

எங்கள் பகுதிக்கும் கோழிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மண்டூரிலும் சித்தாண்டியிலும் வழிபடப்படும் முருகனின் கொடியிலே நிற்பது சேவல். இலங்கைக்கே உரிய காட்டுக்கோழி இந்நாட்டின் தேசியப் பறவை. ஆயினும் வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை அதுவன்று. தென்கிழக்காசியக் காடுகளில் வாழ்ந்த செங்காட்டுக் கோழியிலிருந்தே வீட்டுக் கோழி தோன்றிற்று என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. எங்கள் முற்றத்து ஊர்க்கோழிக்குத் தீனி என்று தனியாக ஒன்றிருந்ததில்லை. நெல்லுக் குத்தும்போது சிந்திய குறுணல், தவிடு, மிஞ்சிய பழஞ்சோறு, குஞ்சு பொரித்த காலத்தில் வெட்டிக் கொடுக்கும் கறையான் புற்று, இவ்வளவுதான். பழஞ்சோறு என்று சொன்னேன். இரவு முழுவதும் நீரிலே கிடந்து புளித்த சோறு இலற்றிக்கமிலம் ஊறிய உணவு. கோழிக்குப் புளிப்பூட்டிய முதற் கைகள் எவருடையவை என்று கேட்டால், விடியற்காலையில் சட்டியின் அடியை முற்றத்தில் வழித்து வீசிய எங்கள் தாய்மாரின் கைகளையும் அவ்வரிசையில் வைக்க வேண்டும். அவர்கள் அதனை அறிந்து செய்யவில்லை என்பது வேறு.

கோழி எதை உண்கிறது என்று உலகம் கூர்ந்து பார்க்கத் தொடங்கியதும் அரிசி உண்ணும் ஒரு தீவிலேதான். 1889ஆம் ஆண்டு, ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாவின் பத்தேவியா நகரில் கிறித்தியான் ஐக்குமன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக் கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழத் தொடங்கின. சில மாதங்களின் பின் தாமாகவே தேறின. காரணம் வேடிக்கையானது. பணியாளர் இராணுவ வைத்தியசாலைச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பின்னர் வந்த புதிய சமையற்காரர், படைவீரரின் அரிசியைப் பொதுமக்களின் கோழிக்குக் கொடுப்பதா என்று மறுத்துவிட்டார். கோழிகள் மறுபடி தீட்டாத அரிசிக்கு மாறின, நோயும் மாறிற்று. தவிட்டிலே உயிருக்கு இன்றியமையாத ஏதோவொன்று உண்டு என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இன்று அதனை விற்றமின் பி1 என்கின்றோம். ஐக்குமனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தக் கருமிச் சமையற்காரரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. வரலாற்றில் இது புதிதன்று.

இறைச்சிக்கென்றே கோழி வளர்ப்பது அமெரிக்காவில் தொடங்கிய கதையும் ஒரு தவறிலிருந்துதான் சொல்லப்படுகிறது. 1923இல் டெலவெயர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்ப, 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பாமல் வளர்த்து இறைச்சிக்காக விற்றார்; 1926இல் பத்தாயிரம் குஞ்சுகளுக்குக் கொட்டகை கட்டும் நிலைக்கு வந்தார். அடுத்த கால் நூற்றாண்டில் இனக்கலப்பு வல்லுநர்கள் மார்பிலே சதை பிடிக்கும் இனங்களைத் தேர்ந்தெடுத்தனர். கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தில் பழைய இனத்தையும் புதிய இனத்தையும் ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுக்குரிய இனம் 56 நாட்களில் 905 கிராம் நிறை கொண்டது. 2005ஆம் ஆண்டுக்குரிய இனம் அதே நாட்களில் 4,202 கிராம் நிறை கொண்டது. நாலரை மடங்குக்கும் மேல். இப்பறவையின் குடல் ஓயாது உழைக்கும் ஆலை போன்றது. அந்த ஆலையிலே சிறு பழுது நேர்ந்தாலும் நட்டம் பெரிது.

இலங்கையில் இத்தொழில் 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னரே விரைந்து வளர்ந்தது. பெரும் பண்ணைகள் குருணாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களில் எழுந்தன. மட்டக்களப்போ 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியில் தென்னையும் கூரையும் இழந்து நின்றது. பின்னர் நீண்ட போர், 2004இன் ஆழிப்பேரலை. 2009இல் போர் ஓய்ந்தபின் வாழ்வாதார உதவியாகக் கோழிக் குஞ்சுகள் பல குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. எங்கள் பக்கத்தில் கோழிவளர்ப்பு பெரும்பாலும் சிறு கொட்டகைத் தொழில் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இனி நுண்ணுயிர்கொல்லியின் கதை. இதில் எமக்கு அயலவர் ஒருவரும் வருகிறார். ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், நியூயோர்க்கு மாநிலத்தின் லெடர்லி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அங்கே பணியாற்றிய பெஞ்சமின் டகர் என்ற முதியவர் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரொன்றிலிருந்து ஓரியோமைசின் என்னும் மருந்து 1948இல் வெளிவந்தது. சுப்பாராவ் அதே ஆண்டில் மறைந்தார். மருந்தை வடித்தெடுத்தபின் எஞ்சிய கசடு வீணாகாதிருக்க, தோமசு யூக்சு, ரொபேட்டு ஸ்டொக்ஸ்டாட் என்ற இருவர் அதனைக் குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். கசட்டிலே விற்றமின் பி12 இருக்குமென்பது அவர்கள் எண்ணம். குஞ்சுகள் அந்த விற்றமினால் விளங்கக்கூடிய அளவையும் கடந்து வளர்ந்தன. கசட்டில் எஞ்சியிருந்த மருந்தே அதனைச் செய்தது என்பது 1950இல் உலகறிந்த செய்தியாயிற்று. நோயில்லாத கோழிக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்து என்ற வழக்கம் உலகெங்கும் பரவியது.

இந்த ஆராய்ச்சியாளரை இன்று தூற்றுவது எளிது. போர் முடிந்து மக்கள் புரதத்துக்கு ஏங்கிய காலம் அது. கசடென்று கொட்டப்படவிருந்த பொருளால் இறைச்சி மலிவானது. ஆனால் சிறிதளவு மருந்து பற்றீரியாக்களை முற்றாகக் கொல்வதில்லை. அதனைத் தாங்கவல்லவற்றை மட்டும் தெரிந்து பெருகவிடுகின்றது. மாணவருக்கு நான் ஒரு உவமை சொல்வதுண்டு: வயலிலே களைநாசினியை நீர்த்து நீர்த்து அடித்தால், எஞ்சி நிற்பது அதற்கு அஞ்சாத களை மட்டுமே. பிரித்தானிய அரசு அமைத்த சுவான் குழு 1969இலேயே, மனிதருக்குப் பயன்படும் மருந்துகளை வளர்ச்சிக்காக விலங்குத் தீனியிற் சேர்ப்பதை நிறுத்த வேண்டுமென்று அறிக்கையிட்டது. 1976இல் ஸ்டூவட்டு லெவி என்ற அமெரிக்க மருத்துவர் பொஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பண்ணையில் செய்த சோதனையை வெளியிட்டார். ஒரு பகுதிக் கோழிக்கு மருந்து கலந்த தீனியும் மறுபகுதிக்கு மருந்தில்லாத தீனியும் கொடுத்தார். மருந்துண்ட கோழியின் குடலில் சில நாட்களுக்குள்ளேயே மருந்தை எதிர்க்கும் பற்றீரியா நிறைந்தது. சில மாதங்களில் அப்பண்ணையில் வாழ்ந்த மனிதரின் உடலிலும் அத்தகையவை காணப்பட்டன. அவர்கள் அம்மருந்தை உண்டவர்களல்லர்.

பின் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். சுவீடன் 1986இல் வளர்ச்சி மருந்துகளைத் தடை செய்தது. டென்மார்க் 1995இல் அவோபார்சின் என்ற மருந்தை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதனைப் பின்பற்றியது. 2006 சனவரி முதலாந் திகதி எஞ்சிய யாவற்றையும் விலக்கியது. 2015இல் சீனாவிலிருந்து வந்த செய்தி மருத்துவ உலகை உலுக்கிற்று. கொலிஸ்டின் என்பது வேறெந்த மருந்தும் பலியாதபோது வைத்தியர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து. அதனை எதிர்க்கும் பண்பு ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் செல்லும் வகையில் பண்ணை விலங்குகளில் தோன்றியிருந்தது. இந்தியா 2019இல் உணவு விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. படுவான்கரைத் தகப்பனாரின் கேள்விக்கு விடை இதுதான்: மனிதருக்கு நல்ல மருந்தை இவ்வாறு கோழிக்குக் கொட்டினால், அது மனிதருக்கு நல்ல மருந்தாகவே நெடுங்காலம் இராது. அவருடைய மகனுக்குக் காய்ச்சல் வரும் நாளிலே பலிக்க வேண்டிய மருந்து அது.

மருந்தை விலக்கியபின் அதனிடத்தில் எதை வைப்பது? இங்கேதான் புளிப்பு மறுபடி வருகிறது. இவ்வமிலங்களை மனிதன் அறிந்த விதம் சுவையானது. 17ஆம் நூற்றாண்டில் யோன் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளை வடித்துக் கிடைத்த புளிப்பைப் பற்றி எழுதினார்; எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே போமிக்கமிலத்துக்குப் பெயராயிற்று. முசுறு கடித்தால் எரிகின்றதே, அதுவும் அந்த அமிலந்தான். சுவீடன் தேசத்து மருந்துக் கடைக்காரர் சீலே, புளித்த பாலிலிருந்து இலற்றிக்கமிலத்தை 1780இலும் எலுமிச்சையிலிருந்து சித்திரிக்கமிலத்தை 1784இலும் பிரித்தார். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான பியூற்றிரிக்கமிலத்தைப் பிரெஞ்சு இரசாயனர் செவ்ருல் கண்டார். விலங்குணவுக்கு அமிலத்தைத் திட்டமிட்டுச் சேர்த்த பெருமை பின்லாந்தின் வேட்டனனுக்கு உரியது. நீண்ட பனிக்காலத்துக்குப் பசும்புல்லைச் சேமிக்க, அதனை அமிலத்தால் நனைத்துக் கெடாது காக்கும் முறையை அவர் 1920களில் வகுத்தார். 1945இல் நோபெல் பரிசு பெற்றார். அவர் எடுத்தது கடுமையான கனிம அமிலங்கள். பிற்காலத்தில் அவற்றின் இடத்தைப் போமிக்கமிலம் பிடித்தது.

தீனி கெடுதல் என்பது சிறு விடயமன்று. 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாது மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கிலே வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணமென்று பின்னர் தெரிந்தது. அதற்கு அபிளாடொட்சின் என்று பெயரிட்டனர். மாரியிலே சோளமும் தேங்காய்ப் புண்ணாக்கும் ஈரங்கொள்ளும் எங்கள் கரையில் இந்த நஞ்சு அந்நியமான தன்று. புரொப்பியோனிக்கமிலம் தானியத்திலே பூஞ்சணம் முளைக்காமல் தடுக்கும். முன்னரே தோன்றிவிட்ட நஞ்சை அது நீக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோழியின் உடலுக்குள் அமிலம் செய்வது என்ன? நீரிலே அமிலத்தின் ஒரு பகுதி பிரிந்தும் ஒரு பகுதி பிரியாமலும் நிற்கும். பிரியாத பகுதி பற்றீரியாவின் கொழுப்புச் சவ்வினூடாக உள்ளே புகுந்துவிடும். உள்ளே ஏறக்குறைய நடுநிலை; அங்கே சென்றதும் அது பிரிந்து ஐதரசன் அயனை விடுவிக்கின்றது. விருந்தாளிபோல் வீட்டுக்குள் வந்து, வந்தபின் மூட்டையை அவிழ்க்கும் தந்திரம். புகுந்ததை வெளியேற்ற முயன்று பற்றீரியா தன் சக்தியையெல்லாம் செலவிட்டுச் சோர்கிறது. சல்மொனெல்லா போன்றவை இதனால் தளரும். தயிரை உறையவைக்கும் இனத்தவையோ புளிப்பிலே பழகியவை, பிழைத்துக் கொள்ளும். ஆகவே குடலிலே நல்லவற்றின் கை ஓங்குகிறது.

இதற்கு ஏன் வெளியிலிருந்து உதவி வேண்டும் என்று கேட்கலாம். ஊர்க்கோழிக் குஞ்சு தாயின் பின்னே திரிந்து, தாய் கிளறிய மண்ணைக் கொத்தி, தாயின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை முதல் நாட்களிலேயே பெற்றுக் கொள்கிறது. பொறியிலே பொரித்த குஞ்சுக்குத் தாயில்லை. வளர்ந்த கோழியின் குடற்பொருளைப் புதுக்குஞ்சுக்குக் கொடுத்தால் அது சல்மொனெல்லாவை எதிர்த்து நிற்கும் என்பதை நூர்மி என்ற மற்றொரு பின்லாந்தவர் 1973இல் காட்டினார். தாயில்லாத அந்த முதல் வாரத்தில் வயிற்றமிலமும் குறைவு. அவ்விடைவெளியை அமிலம் ஓரளவு நிரப்புகின்றது.

ஓரளவு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். வணிகர் தரும் துண்டுப்பிரசுரங்களில் அச்சொல்லைக் காண்பதரிது. நேரடியாகக் கொடுத்த அமிலத்தின் பெரும்பகுதி கண்டப்பையிலும் அரைவைப்பையிலுமே வேலை செய்து முடிந்துவிடும். கீழ்க்குடலைச் சேர்வது சொற்பம். அதனாலேயே பியூற்றிரிக்கமில உப்பைக் கொழுப்பினால் மூடிக் கொடுக்கும் முறை வந்தது. குடற்சுவரின் கலங்களுக்கு அது உணவுமாகும். சோதனைகளின் முடிவுகளும் ஒரே சீரானவையல்ல. நெருக்கமும் அழுக்கும் உள்ள கொட்டகையில் பயன் தெளிவாகத் தெரியும். துப்புரவான கொட்டகையில் வேறுபாடு மிகச் சிறிதாகலாம். இரத்தக் கழிச்சல் போன்ற நோய்க்கு அமிலம் மருந்தாகாது. அதற்குக் கால்நடை வைத்தியரையே அழைக்க வேண்டும்.

எங்கள் பகுதிக்குரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிடலில் பல கிணறுகளின் நீர் வன்மையானது. வன்னீர் அமிலத்தை விழுங்கிவிடும். ஒரே அளவு மருந்தை ஒரு கிணற்று நீரிலிட்டால் புளிக்கும். அடுத்த கிணற்று நீரிலிட்டால் புளிப்பே தெரியாது. தீனியிலே சேர்க்கும் சுண்ணாம்புக் கல்லும் இதையே செய்யும். ஆகவே போத்தலிலே எழுதிய அளவைப் பார்த்து ஊற்றுவதிலும், நிறம் மாறும் தாளால் நீரைச் சோதித்து ஊற்றுவதே அறிவுடைமை. பீ.எச். பெறுமானம் 4க்குக் கீழே இறங்கினால் கோழி நீர் குடிப்பதைக் குறைத்துவிடும். தகரப் பாத்திரமும் அரிக்கும். தீனியில் என்றால் ஒரு தொன்னுக்கு இரண்டு முதல் ஐந்து கிலோ வரை சேர்ப்பது பொதுவான வழக்கு.

செலவைப் பற்றியும் ஒரு சொல். கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பங்கு தீனிக்கே. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதித்த தடையால் சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் வெளிநாட்டு நாணயம் வற்றியது. 2023இல் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அக்காலத்தில் கொட்டகையை மூடிய சிறு வளர்ப்போர் எத்தனையோ பேர். அத்தகையவரிடம் விலையுயர்ந்த போத்தலை நீட்டுமுன், கொட்டகையின் ஈரத்தையும் நெருக்கத்தையும் குறைக்கச் சொல்வதே நேர்மை என்பது என் கருத்து. அமிலம் அதற்கு அடுத்தது.

அந்தத் தகப்பனாரின் குஞ்சுகளில் பாதிக்கு மேல் மடிந்தன. கடனைத் தவணையிட்டுக் கட்டினார். அடுத்த தொகுதிக்கு 150 குஞ்சுகளே எடுத்தார். உமியை அடிக்கடி மாற்றினார். முதல் வாரத்தில் மட்டும் தண்ணீருக்கு அமிலம் சேர்த்தார். எங்கள் இரசாயன ஆசிரியர் கொடுத்த சோதனைத் தாளில் நிறம் பார்த்துக் கொப்பியில் எழுதும் வேலை பையனுக்கு. கொப்பியை எனக்குக் கொண்டுவந்து காட்டினான். முதல் நாள் நீர் 7. மூன்றாம் நாள் 5. ஐந்தாம் நாளுக்கு நேரே ஒன்றுமில்லை. கேட்டதற்கு, அன்று தவணைப் பரீட்சை என்றான்.